ஆறாவது எண்

8.8.2005, திங்கள்

மெஸ்ஸில் இட்லி இறங்கவில்லை. நேற்று பிரவீணா அக்காவின் அறையில் ஆட்டம் தொடங்குவதற்குள்ளேயே நின்றுவிட்டது. காரணம் நான்.

மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் கதை ஆட்டம் அது. நடத்துவது அக்கா. பாத்திரத்துக்கு ஆறு குணங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று தடவை பகடை உருட்டிக் கூட்டி எழுத வேண்டும். பதினெட்டுக்கு மேல் கிடையாது. லீவில் செந்துறைக்குப் போனபோது வீட்டிலேயே போட்டு எழுதிக்கொண்டு வந்தேன். என் வீராங்கனைக்கு 18, 17, 18, 16, 18, 17.

செங்கமலம் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். "என்னடி இது, வரம் வாங்கிட்டு வந்தவளா? எங்களுக்கெல்லாம் பதிமூணத் தாண்டல."

அக்கா தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். "அடுத்த ஞாயித்துக்கெழம பேசிக்கலாம்."

9.8.2005

பேசிக்கலாம் என்றால் என்ன பேச?

10.8.2005, புதன்

பயமாக இருக்கிறது. பெரம்பலூர் ஹாஸ்டலுக்கு வந்து ஒரு வருஷம். அந்த மேஜைக்குத்தான் என்னை முதன்முதலில் கூப்பிட்டார்கள். கள்ளி என்று பெயர் வாங்கிவிட்டால் இன்னும் மூன்று வருஷம் இங்கே எப்படி இருப்பது? செங்கமலம் என் அறையில்தான் இருக்கிறாள். இரண்டு நாளாகப் பெட்டியைப் பூட்டிவிட்டுக் குளிக்கப் போகிறாள்.

12.8.2005, வெள்ளி

இங்கேகூட எழுதாவிட்டால் வேறெங்கே எழுதுவது. முதல் ஐந்தும் விழுந்தவைதான். ஆறாவது — அறிவு — அதற்கு 7 விழுந்தது. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் முன்னால் அறிவு ஏழு என்று நீட்ட மனசு வரவில்லை. ஏழுக்கு முன்னால் ஒரு கோடு இழுத்தேன். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?

14.8.2005, ஞாயிறு

அக்கா பகடையை என் கையில் கொடுத்தார். "வூட்ல எப்படிப் போட்ட, போட்டுக் காட்டு மலரு." எங்கள் வீட்டில் பகடை ஏது? அம்மாவின் பித்தளைத் தாயக்கட்டையில் போட்டேன் என்றேன். தாயம், அஞ்சு, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் இன்னொரு தடவை உருட்டிக் கூட்டிக்கொள்வதுதானே வழக்கம்? பதினெட்டு வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

அக்கா சிரித்துவிட்டார். "தாயக்கட்டைன்னா வேற எப்படிப் போடுவாங்க? நான்தான் சொல்லாம வுட்டுட்டேன். போட்டது போட்டபடி இருக்கட்டும்."

"மன்னிச்சுக்கடி" என்றாள் செங்கமலம். சாயங்காலம் பெட்டியைப் பூட்டாமல் குளிக்கப் போனாள். அதைப் பார்க்கத்தான் முன்னைவிடப் பயமாக இருக்கிறது.

18.8.2005

அழித்துவிடலாமென்றால் தாள் அக்காவிடம் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருத்திக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமே.

21.8.2005, ஞாயிறு

கதையில் ஒரு கோட்டைக் கதவு. அறிவு அதிகமுள்ளவள் மூன்று தடவை பகடை போட வேண்டும். கூட்டுத்தொகை அவளுடைய எண்ணுக்குள் வந்தால் திறக்கும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பதினேழு இல்லக்கா. ஏழுதான். அந்த ஒண்ண நானா போட்டேன்."

அக்கா ரப்பரை எடுத்து அந்தக் கோட்டை அழித்தார். "சரி, ஏழுக்குப் போடு."

பதினொன்று விழுந்தது. கதவு திறக்கவில்லை.

"இவ மக்கு வீராங்கனையால எல்லாரும் வெளிய நிக்கிறோம்" என்று அறைக்கு வரும்வரை செங்கமலம் திட்டித் தீர்த்தாள். திட்டிக்கொண்டே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனாள்.

பெட்டி திறந்தே கிடக்கிறது.