அத்தையின் பகல் தூக்கமும் என் கணினிப் பெட்டியும்

பிப்ரவரி 3, திங்கள்

காலை எட்டரைக்கு அத்தை வேலை முடிந்து வந்தார். அத்தை என்றால் என் மாமியார்; மருத்துவமனையில் இரவு நேர நர்ஸ். குளித்து, சாப்பிட்டு, ஒன்பதரைக்குத் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் படுத்துவிட்டார். இந்தப் பக்கம் நானும் என் கணினியும்.

இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்ததுபோலப் படமாக்கிக் கொடுப்பது என் தொழில். ஒரு படம் முழுதாக வர, கணினி ஐந்தாறு மணி நேரம் மூச்சுப் பிடித்து உழைக்க வேண்டும். பத்து மணிக்கு ஓட விட்டேன். ஐந்தே நிமிடத்தில் உள்ளிருக்கும் ஃபேன் ஊளையிட ஆரம்பித்தது. திரைக்குப் பின்னால் அத்தை புரண்டு படுத்தார். மறுபடியும் புரண்டார்.

மாலையில் கேட்டேன், "தூங்கினீங்களா அத்தை?"

"ம்... நல்லாத் தூங்கினேனே."

கண் இரண்டும் கோவைப்பழம்.

பிப்ரவரி 5

மனசே சரியில்லை.

நேற்று வேலையில் அத்தை ஒரு நோயாளியின் மாத்திரையை இன்னொருவருக்காகக் கையில் எடுத்துவிட்டாராம். கொடுப்பதற்கு முன் சீட்டைப் பார்த்ததால் தப்பித்தது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இருபத்தாறு வருட வேலையில் இப்படி நடந்ததே இல்லையாம்.

பிறகு மெதுவாக, "ஆஸ்பத்திரி வளாகத்துலயே ஒரு ரூம் காலியா இருக்கு. மார்ச் ஒண்ணாம் தேதி அங்க போயிடலாம்னு பாக்குறேன். உன் வேலைக்கும் இடைஞ்சல் இருக்காது" என்றார்.

என் வேலைக்கு இடைஞ்சலா! யார் யாருக்கு இடைஞ்சல்? கல்யாணமாகி வந்த வாரமே, "ஜன்னல் பக்கம் வெளிச்சம் வரும், உன் மேசையைப் போட்டுக்கோ" என்று தன் அறையில் பாதியைத் தூக்கிக் கொடுத்தவர். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

போக விடக் கூடாது. இருபத்து நான்கு நாள் இருக்கிறது.

பிப்ரவரி 6

இன்று நான் செய்த மகா புத்திசாலித்தனம்: கணினிப் பெட்டியை மேசையின் கீழ் அலமாரிக்குள் தள்ளி, பழைய போர்வையைச் சுற்றி, கதவைச் சாத்தினேன். கால் மணி நேரம் வீடு அமைதியோ அமைதி. அப்புறம் சூடு தொண்ணூற்றாறு டிகிரியைத் தொட்டு, கணினி தானாகவே படுத்துவிட்டது. பாதிப் படம் போச்சு. முட்டாள்தனத்துக்கு ஒரு அளவு வேண்டாமா?

பிப்ரவரி 8, சனி

என் கணவருக்கு லீவு. ஓட்டல் சமையலறைகளில் புகையை வெளியே இழுக்கும் பெரிய விசிறிகளை மாட்டுவதுதான் அவர் வேலை. "சூட்டைப் பத்தி என்கிட்ட கேக்காம யார்கிட்ட கேப்ப?" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பெட்டியின் பின்னால் ஏற்கெனவே ஒரு ஃபேன். புதிதாக மூன்று வாங்கி வந்து முன்னால் இரண்டு, மேலே ஒன்று. நான்கையும் வெளியே ஊதும்படி திருப்பி மாட்டினார்.

"சூடு உள்ள நிக்கவே கூடாது. அவ்வளவுதான் சூட்சுமம்."

எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. வீட்டுக்காரர் நிபுணர் ஆயிற்றே.

பிப்ரவரி 10

முன்பு ஒன்று ஊளையிட்டது. இப்போது நான்கு. சூடு தொண்ணூற்று மூன்று. அத்தை பாயை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் படுத்தார். "இங்க குளுகுளுன்னு இருக்கும்மா" என்றார். இருக்கும், இருக்கும்.

பிப்ரவரி 11

மெல்லிய காகிதத்தைக் கீற்றாகக் கிழித்து, ஓடும் பெட்டியைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தேன். ஃபேன்களுக்கு முன்னால் வெளிப்பக்கம் பறக்கிறது, சரி. ஆனால் திருகு ஓட்டை, மூடியின் இடுக்கு, வயர் நுழையும் சந்து எல்லாவற்றிலும் காகிதம் பச்சக்கென்று ஒட்டிக்கொள்கிறது. பாவம், சந்து பொந்தெல்லாம் தேடி மூச்சு வாங்குகிறது இந்தப் பெட்டி.

சாயங்காலம் அவரிடம் கேட்டேன். "ஓட்டல் சமையலறையில நீங்க புகையை வெளிய இழுக்கிறீங்க. காத்து உள்ள எப்படி வரும்?"

"கதவு திறந்தேதானே கிடக்கும்?"

"இந்தப் பெட்டியில கதவு எங்க இருக்கு?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "...அடச்சே!"

பிப்ரவரி 13, வியாழன்

எல்லாவற்றையும் பிரித்துத் தரையில் பரப்பிவிட்டேன். உள்ளே இருந்த தூசியில் ஒரு தலையணையே தைக்கலாம். படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டின் சந்துகளைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். வேலையிலிருந்து வந்த அத்தை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா, ஆபரேஷனா?"

"பொழைச்சுடும் அத்தை."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒவ்வொரு பொருளாகத் தாண்டித் தாண்டிப் போய்ப் படுத்தார்.

பொழைக்குமா?

பிப்ரவரி 15

பிழைத்தது! பெட்டியின் முன்பக்கத்தை அடைத்துக்கொண்டிருந்த பிளாஸ்டிக் பலகையைக் கழற்றி, தூசிக்கு மெல்லிய வலை மாட்டினோம். முன்னால் இருக்கும் இரண்டு ஃபேனும் இனிமேல் காற்றை உள்ளே இழுக்கும். பின்னால் இருப்பது வெளியே தள்ளும். மேலே இருந்தது வேண்டாமென்று கழற்றியாச்சு. நடுவில் தொங்கிய வயர்களை எல்லாம் ஓரமாகக் கட்டினேன். சூடு எழுபத்தைந்துக்கு வந்துவிட்டது. கணவர் தன் கையாலேயே ஃபேனைத் திருப்பி மாட்டினார். நான் கிண்டல் செய்யவில்லை. (ஒரு தடவைதான் செய்தேன்.)

பிப்ரவரி 16

ஊளை இல்லை. ஆனால் விர்ரென்று ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. அத்தை ஏறும்போதெல்லாம் புரள்கிறார். ஒரே சீரான சத்தம் என்றால் காது பழகிவிடும். திடுதிப்பென்று ஏறினால் யார்தான் தூங்குவார்கள்?

பிப்ரவரி 18

நாள் முழுவதும் செட்டிங்கோடு மல்லுக்கட்டு. சூடு ஒரு நொடி எகிறினாலே ஃபேன்கள் பதறி ஓடுகின்றன. பதறாதே என்று சொல்லிக் கொடுத்தேன்: எண்பது டிகிரி வரை ஒரே மெதுவான வேகம், அதற்கு மேல் போனால் நிதானமாக ஏறு. பக்கத்து மூடி அதிர்ந்து ரீங்காரம் போட்டது. அடியில் ரப்பர் துண்டு வைத்ததும் அடங்கியது. இப்போது சூடு எழுபத்தெட்டு. மூன்று டிகிரி கூடத்தான். அதற்கு ஒன்றும் ஆகாது. எனக்குத்தான் படபடப்பு.

பிப்ரவரி 20, வியாழன்

பத்து மணிக்கு இருப்பதிலேயே பெரிய படத்தை ஓட விட்டேன். பதினொன்று. பன்னிரண்டு. திரைக்குப் பின்னால் சத்தமே இல்லை. ஒரு மணிக்கு மெல்லிய குறட்டை. எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது.

நான்கு மணிக்கு அத்தை தலைமுடியை முடிந்துகொண்டே வந்தார். "ஏம்மா, இன்னைக்கு வேலை இல்லையா? மெஷினைப் போடவே இல்லையே?"

"காலையிலேர்ந்து ஓடிக்கிட்டுதான் அத்தை இருக்கு."

நம்பவில்லை. குனிந்து பெட்டிக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்தார். வெதுவெதுவென்று காற்று வந்திருக்கும். வைத்த கையை எடுக்கவில்லை.

கேட்டே விட்டேன். "அந்த ரூம் வேணாம்னு சொல்லிடுங்க அத்தை."

"அதை வேற நர்ஸுக்கு விட்டுக் குடுத்தாச்சே. கைக்குழந்தைக்காரி, பாவம்."

"எப்ப?"

"நீ இதை அக்கக்காப் பிரிச்சுப் போட்டு, தலையெல்லாம் தூசியா உக்காந்திருந்தியே, அன்னைக்கு."

ஒரு வாரம்! ஒரு வாரமாக நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். "சரியாகலைன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

"சமையலறை இருக்கே."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ பாதியில விட்டிருப்ப."

கோபமாக வந்தது. அழுகையும் வந்தது. அத்தையைக் கட்டிக்கொண்டு இரண்டையும் சேர்த்தே செய்தேன். "போதும் விடு, டீ போடணும்" என்றார்.

நாலரைக்குப் படம் முடிந்தது. அத்தை டீயோடு வந்து கணினித் திரையை உற்றுப் பார்த்தார். தோட்டம், மாடிப்படி, பெரிய பெரிய ஜன்னல்கள்.

"இந்த வீட்டுல எத்தனை ரூம்மா?"

"ஆறு."

"அவ்வளவு எதுக்கு?" என்றார்.