எண்ணெய் பாட்டிலில் வந்த பிராந்தி

இராமலட்சுமிக்கு,

நான் சுகம். நீயும் பிள்ளையும் சுகமா என்று கேட்பதற்குள் உன் அண்ணன் முகம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

கப்பலில் பயணிகள் வெளியிலிருந்து மது கொண்டு ஏறக்கூடாது. அதைப் பிடிப்பதுதான் என் வேலையென்று அவருக்குத் தெரியும். நேற்று கொச்சியில், குற்றால மூலிகை எண்ணெய் பாட்டிலில் பிராந்தியை ஊற்றிக்கொண்டு, பயணியாக என் சோதனை வரிசைக்கே வருகிறார்.

"மாப்ளே, நம்ம ஊரு எண்ணெய்தான், கண்டுக்கிடாதேயும்."

நம்ம ஊர் எண்ணெய் குலுக்கினால் பாட்டிலில் ஒட்டி வழியும். இது தண்ணீராய்த் தெறித்தது. குற்றாலத்துக்காரனையே ஏமாற்றப் பார்க்கிறார்! அதிகாரி முன்னாலேயே கவிழ்த்துவிட்டேன். "தங்கச்சி புருசன்னு பாக்குதேன்" என்று மிரட்டுகிறார். விட்டிருந்தால் என் வேலை போயிருக்கும். நீ அவருக்குப் பரிந்து எழுதாதே.

தலை காந்துகிறது. தேய்த்துவிட இங்கே யாருமில்லை. அசல் எண்ணெய் ஒரு பாட்டில் அனுப்பு. வேலைக்கு மணி அடித்துவிட்டது, போகிறேன். உன் அண்ணன் கையில் மட்டும் கொடுத்துவிடாதே.

தாணு