அப்பா காய்ச்சின பீர்

துவாரகன்,

வாழையிலை வாங்க லா சப்பல் மெத்ரோ ஸ்டேசனடிக்குப் போறன். நாளைக்கு அப்பாவின்ரை எட்டாம் நாள் படையல்.

சித்தப்பா மீன் வைக்கவெண்டு பீர்ப் பீப்பாவை ஃபிரிட்ஜுக்கு வெளியிலை எடுத்துப்போட்டார். நான் திரும்ப உள்ளுக்கை வைச்சு, பீர் நுரைக்க விடுற காஸ் குழாயையும் கொழுவிவிட்டன். குளிர் இல்லாட்டிக் காஸ் பீருக்குள்ளை இறங்காது எண்டு அப்பா சொல்லுறவர். கதவைத் திறந்து திறந்து பாராதை. மீன் பல்கனிக் குளிரிலை கிடக்கட்டும்.

கடையிலை ரெண்டு ரின் பீர் வாங்கிப் படைப்பம் எண்டு நீ சொன்னதுக்குத்தான் காலமை எரிஞ்சு விழுந்தனான். அவர் தன்ரை கையாலை காய்ச்சினது வீட்டிலை இருக்கேக்கை கடைப் பீர் எதுக்கு?

சோறு அடுப்பிலை இருக்கு. சாப்பிடு.

அம்மா

பி.கு: முதல் கிளாஸ் அப்பாவின்ரை படத்துக்கு முன்னாலை. ரெண்டாவது உனக்கு. அவருக்கு முன்னாலை குடிக்கிறதில்லை எண்டு குசினிக்குள்ளை போகாதை. பக்கத்திலை இருந்து குடி.