பெருங்காயம் போடாத சாம்பார்

என் பத்மா அக்காவுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. கேட்டால் நீ சிரிக்கக்கூடிய சேதி ஒன்று இருக்கிறது. நான் இளைத்துக்கொண்டே போவதைப் பார்த்த தாதரில் இருக்கும் டாக்டர், உன்னைப் போலவே எனக்கும் கோதுமை ஆகாது என்று சொல்லிவிட்டார்.

உன்னைப் பார்த்து எனக்கு எவ்வளவு பொறாமை இருந்தது தெரியுமா? ரேஷனில் கோதுமைதான் நிறையக் கிடைக்கும், அரிசி கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் உனக்கு. "அவளுக்கு ஒத்துக்காதுடீ, நீ சப்பாத்தி சாப்பிடு" என்பாள் அம்மா. ஆறிப்போன சப்பாத்தியை மென்றுகொண்டே, ஆவி பறக்கும் உன் சாதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கும் அந்த வியாதி வரக் கூடாதா என்றுகூட நினைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா ஹோட்டலுக்குப் போனால் அங்கேயும் நீதான் ராணி. ஆனால் வெறும் அரிசி தோசைதானே என்று நீ சாப்பிட்டாலும், மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பாய். டாக்டருக்கும் காரணம் புரியவில்லை. சர்வர் குட்டன் மாமாதான் கண்டுபிடித்தார்.

"சாம்பார்ல போடற கட்டிப் பெருங்காயத்துல மைதா சேப்பாளே. அதுவும் கோதுமைதானே, அதான் உங்களைப் படுத்தறது."

அன்றிலிருந்து, பெருங்காயம் போடுவதற்கு முன்பே ஒரு கிண்ணம் சாம்பாரை உனக்கென்று தனியாக எடுத்து வைத்தார். கூட்டத்தில் கிண்ணம் மாறிவிட்டால் என்ன செய்வது? அதனால் முதலில் ருசி பார்க்கிற வேலை எனக்கு வந்தது. "ஜயா, இருக்கா?" என்று கேட்பாய். நான் முகர்ந்து, ஒரு வாய் சாப்பிட்டு, "இல்லை" என்ற பிறகுதான் தோசையில் கை வைப்பாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பொய் சொன்னேன், அக்கா. அன்று குட்டன் மாமா உன் தோசைக்கு மட்டும் வெண்ணெய் வைத்துக்கொண்டு வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஜயா, இருக்கா?"

"இருக்கு. தொடாதே."

கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாய். "நான் சக்கரை தொட்டுக்கறேன். நீ சாப்பிடு, வீணாக்காதே" என்றாய். நான் வழித்துச் சாப்பிட்டேன். அதில் பெருங்காயம் துளிகூட இல்லை. உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துதான் தள்ளினாயா? கேட்க எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. நான் கேட்கவே இல்லை.

போன வாரம் அந்த ஹோட்டலுக்குப் போனேன். "தனியாவா வந்திருக்கேள்?" என்று கேட்டார் குட்டன் மாமா. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். உள்ளே போனவர் அதே மாதிரி ஒரு கிண்ணம் சாம்பாரும், வெண்ணெய் வைத்த தோசையும் கொண்டுவந்து வைத்தார். நான் இத்தனை வருஷம் ஆசைப்பட்டதெல்லாம் என் மேஜைக்கு வந்துவிட்டது. தோசை ஆறும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு முன்னால் ருசி பார்க்க யாரும் இல்லை.

இப்போதும் உன்மேல் எனக்குப் பொறாமைதான். உனக்கு நான் இருந்தேன். பொய் சொல்கிறவளாக இருந்தாலும், எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

நான் உன்னிடம் வந்து சேரும் நாளில் உன் கிண்ணத்தை என் கையில் கொடு. முதல் வாய் சாப்பிட்டுப் பார்த்து, உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

உன் பங்கையும் சாப்பிட்ட தங்கை,
ஜயா