இடது பக்கத்து பிரேக் லைட்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், வண்டியும் சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் சுகம் என்று தெரிந்தால் எங்களுக்கு அதுவே போதும். வாரா வாரம் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் என் கையில் இருந்தாலும் அம்மாவின் காது அதில்தான் இருக்கும், இது அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் சொல்ல வேண்டியது. குட்டி தவழுகிற படத்தை அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, முட்டி சிவந்திருக்கு, தரையில ஏதாவது விரிக்கச் சொல்லுங்க என்கிறாள். விரித்துவிடு. மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா? குளிர்ந்த தண்ணீர் வேண்டாம் என்று சொல், நான் சொன்னதாகச் சொல்லாதே.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பழைய காருக்கு, ரோட்டில் ஓடலாமா என்று பார்க்கிற வருடாந்திர டெஸ்ட் முடிந்தது. உன்னைவிட வயதில் பெரியது என்பதால் அம்மா அதை உங்க மூத்த பிள்ளை என்பாள், கேலி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். குட்டி பிறப்பதற்கு முன்னாலிருந்தே, ரெண்டு மாசம் வந்து இருங்கப்பா என்று நீ கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். நானும் ஒவ்வொரு தடவையும், வண்டி என்னைக்கு டெஸ்ட்ல ஃபெயிலாகுதோ அன்னைக்கே கிளம்பி வர்றோம் என்று சிரித்தே தட்டிக் கழித்தேன். முதலில் நீயும் சிரித்தாய். பிறகு சிரிக்கவில்லை. இப்போது கொஞ்ச நாளாக நீ கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாய், அதைக்கூட அம்மா சொல்லித்தான் கவனித்தேன். சரி அம்மா மட்டுமாவது வரட்டுமே என்று பிரசவத்தின்போது கேட்டாய். என்னை விட்டுவிட்டு வர அவளுக்கு மனசில்லை, போய் வா என்று சொல்ல எனக்கு வாயில்லை. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். நம் வீட்டில் பித்து அம்மாவுக்கு, கல்லு எனக்கு, உன்னைச் சொல்ல ஒன்றுமில்லை.

டெஸ்ட் வருகிறது என்றால் எனக்குக் கை காலெல்லாம் பரபரக்கும், உனக்குத் தெரியும். வைப்பர் ரப்பர் மாற்றினேன், டயர் நாலையும் தடவித் தடவிப் பார்த்தேன், நம்பர் பிளேட்டைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். நம் மெக்கானிக், நீ பார்க்கலாம் மாமா என்று பேர் வைத்தாயே அவர்தான், ஹேண்ட் பிரேக்கை இறுக்கிக் கொடுத்துவிட்டு, தேறிடுமா என்று கேட்டதற்கு வழக்கம்போல, பார்க்கலாம் என்றார். கடைசியில் விளக்குகள். அது இரண்டு பேர் வேலை. நான் உள்ளே உட்கார்ந்து மிதிப்பேன், அம்மா பின்னால் நின்று பார்ப்பாள். எரியுதா என்பேன், எரியுது என்பாள். சின்னப் பிள்ளையில் நீயும் நடுவில் புகுந்து எரியுதூ என்று கத்துவாய். இந்த முறையும் பிரேக்கை மிதித்துக்கொண்டு கேட்டேன். பதில் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது, எரியுது என்றாள்.

டெஸ்ட் எடுத்த ஆள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ரகம். அடியில் குனிந்து பார்த்தார், ஹாரன் அடிக்கச் சொன்னார், ஒரு குறையும் அகப்படவில்லை. கடைசியில் பின்னால் போய் நின்று, மிதிங்க சார் என்றார். மிதித்தேன். இடது பக்கம் எரியலையே என்று ஃபெயில் போட்டுவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. ரோட்டைத் தாண்டி ஓடி ஒரு பல்பு வாங்கி, விரலைக் கிழித்துக்கொண்டு நானே மாட்டி, திரும்பவும் வரிசையில் நின்று பாஸ் வாங்கிக்கொண்டுதான் வந்தேன். இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரு மணி நேரம் போல வண்டி ஃபெயிலாகத்தான் இருந்தது. உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அவ்வளவு நேரம் எனக்குக் கிடைத்திருக்கிறது, நான் பல்பு தேடி ஓடியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். முதல்ல உன் கண்ணாடியை மாத்து, எரியாத லைட்டைப் போய் எரியுதுன்னு சொல்லியிருக்கே என்றேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பெரிய பெட்டி திறந்து கிடந்தது, அதில் அவள் ஸ்வெட்டரும் குட்டிக்கு வாங்கி வைத்த சட்டைகளும் இருந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிமிர்ந்துகூடப் பார்க்காமல், எரியுதான்னு கேட்டீங்க, எரியுதுன்னேன், எது எரியுதுன்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா என்றாள். பாஸாகிவிட்டது என்று நான் இன்னும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள் போல, சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். ஒரு சின்னப் பொய்கூடச் சொல்லத் தெரியாதவள் அம்மா, அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேனே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

எனக்கு அங்கே வருவதற்குப் பயம், அவ்வளவுதான். இங்கே சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. அங்கே மாப்பிள்ளை ஓட்ட, நான் பின் சீட்டில் கைப்பை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த வறட்டு ரோஷத்துக்காகக் குட்டி குப்புற விழுந்ததையும் உட்கார்ந்ததையும் அம்மா போனில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வண்டி இன்னும் ஒரு வருஷம் ஓடலாம் என்று கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு அப்படி யாரும் ஒட்டித் தருவதில்லை. சாவியைப் பார்க்கலாம் மாமாவிடம் கொடுத்து, அப்பப்போ எடுத்து ஓட்டுங்க, நாங்க ஊர்ல இருக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. நான் சொன்னால், அவளிடம் கத்தியதற்குப் பரிகாரமாகக் கூட்டிப்போகிற மாதிரி ஆகிவிடும், நீ கூப்பிட்டதால் வந்ததாகவே இருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, குட்டி தூங்கும்போது நீயும் தூங்கு. மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது பழையபடி ஒரே ஒரு தடவை கூப்பிடு. என்னைக் கேட்காதே, அம்மாவைக் கேள். அவள் பதில் சொல்லாமல் என் முகத்தைத் திரும்பிப் பார்ப்பாள். நான் தலையாட்டுவேன்.

உன் வரவுக்காக இல்லாமல், எங்கள் வரவுக்காகக் காத்திருக்கும்,
உன் அப்பா