மஞ்சள் பெட்டி, இருபத்தெட்டு வெள்ளி

நவம்பர் 4, திங்கள்

விடியும் முன்பே மழை. கடைத் தகரம் மூலையில் ஒழுகுகிறது, வாளி வைத்தாயிற்று. தீபாவளிக்கு வந்த மகள் சனிக்கிழமையே கோலாலம்பூர் திரும்பிவிட்டாள். முறுக்கு இன்னும் அரை டின். யார் தின்பது?

சரக்கு பார்த்தது:
ஸ்டியரிங் முட்டி, மஞ்சள் பெட்டி – 10
அதே, வெள்ளைப் பெட்டி – 8
கிரீஸ் டின் – 4
வைப்பர் ரப்பர் – தீர்ந்தது, ஈப்போ சேல்ஸ்மேனுக்குச் சொல்ல வேண்டும்

பெட்டியின் மேல் டை ராட் எண்ட் என்று போட்டிருக்கும். முன் சக்கரத்தை ஸ்டியரிங்கோடு பிடித்து வைப்பது அதுதான். என் வீட்டுக்காரர் இருந்த காலத்திலிருந்தே இந்தக் கடையில் அதற்கு முட்டி என்றுதான் பெயர்.

பதினொரு மணிக்கு பாக்கியம் வந்தாள். மேலே திரிங்காப் ஊரில் கோஸும் தக்காளியும் பயிர் போட்டிருக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்குக் கண் மங்கியதிலிருந்து பழைய ஃபோர்வீல் வண்டியை அவளே ஓட்டுகிறாள். ஸ்டியரிங் மறுபடி ஆடுகிறதாம், இடது முட்டி போய்விட்டது. பக்கத்துப் பட்டறைச் சீன மெக்கானிக் ஆ லெக் மாற்றித் தர ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் என் கடை ஸ்டூலில்தான் இருப்பாள். காப்பி, முறுக்கு. தக்காளித் தோட்டத்துக்குள் குரங்கு புகுந்த கதை. கோஸ் வாங்க வரும் சீன முதலாளி, தவுக்கே, மூக்கைப் பிடித்துக்கொண்டு விலை கேட்பதை நடித்துக் காட்டினாள். வயிறு வலிக்கச் சிரித்தேன். இதற்கு முன் இப்படிச் சிரித்தது ஆகஸ்டில், அவள் போன தடவை வந்தபோது.

மஞ்சள் பெட்டி கொடுத்தேன். 28 வெள்ளி.

நவம்பர் 5, செவ்வாய்

காலையில் கொஞ்சம் வெயில். பாயைக் காயப் போட்டேன், மறுபடி நனைந்துவிட்டது.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி வந்தார். எஸ்டேட் ஃபோர்வீலுக்கு வெள்ளைப் பெட்டி இரண்டு, ஒன்று 95 வெள்ளி. மலிவுச் சாமான் கூடாது என்று மேனேஜர் துரை சொல்லிவிட்டாராம். கிராணி இதற்கு முன் வந்து இரண்டு வருடம் இருக்கும். அப்போது தலை கறுப்பு. ஐந்து நிமிடத்தில் போய்விட்டார்.

எழுதிவிடுகிறேன். வேறு யார் படிக்கப் போகிறார்கள்?

ம.பெ., அதாவது மஞ்சள் பெட்டி: முட்டியை மூடும் ரப்பர் மெல்லிசு. மலைச் சேற்றில் இரண்டு மூன்று மாதத்தில் கிழியும். சேறு போனால் உள்ளே இருக்கும் பந்து தேயும், ஸ்டியரிங் ஆடும். வெ.பெ. ரப்பர் தடிமன், கிரீஸ் அடிக்க ஓட்டை உண்டு, மாதம் ஒரு தடவை அடித்தால் இரண்டு வருடம் கேள்வியே இல்லை. கூட்டிப் பார்த்தால் வெள்ளைதான் மலிவு. வருகிற எல்லாரிடமும் இதைச் சொல்கிறேன், கேட்டும் மலிவுக்கே போகிறவர்கள் உண்டு. பாக்கியத்திடம் மட்டும் சொன்னதில்லை.

இந்த வருடம் பொங்கலுக்கு முன் அவள் முதல் தடவை வந்தபோது வெள்ளை நிஜமாகவே இல்லை. அது கணக்கில் சேராது. இரண்டாவது தடவை அலமாரியில் கண் முன்னால் இருந்தது. அந்த வெள்ளைப் பெட்டி எப்படி அக்கா என்று அவளே கேட்டாள். விலைதான் கூட, இரண்டும் ஒரே சாமான் என்று வாய் கூசாமல் சொன்னேன். நேற்றையது ஐந்தாவது.

வெள்ளை போட்டால் அவளும் கிராணி மாதிரி இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் வருவாள். அவ்வளவுதான் விஷயம். அசிங்கமாக இருக்கிறது.

நவம்பர் 6, புதன்

மழை. விற்பனை: பல்பு ஒன்று. தானா ராத்தா ஊர்க்காரர் ஒருவர் போன வாரம் வெள்ளைப் பெட்டியில் வலது மரை முட்டியாக இரண்டு வாங்கிப் போய், ஒன்று ஏறவில்லை என்று கொண்டுவந்தார். ஒரு முனைக்கு இடது மரை வேண்டும் என்று அன்றே சொன்னேன், கேட்டால்தானே. மாற்றிக் கொடுத்தேன். முறுக்கு நீட்டினேன், சர்க்கரை வியாதி என்றார். முறுக்கில் ஏது சர்க்கரை.

நவம்பர் 8, வெள்ளி



கீழே பூத்தோட்டத்து டிரைவர் தியாகு, காலையில் பூ ஏற்றி இறங்கும்போது வளைவில் இடது சக்கரம் தனியே திரும்பிக்கொண்டது. வண்டி மலைப் பக்கம் முட்டி நின்றிருக்கிறது. மறுபக்கம் திரும்பியிருந்தால் பள்ளம். தோள் எலும்பு முறிவு, தானா ராத்தா ஆஸ்பத்திரி.

உடைந்ததை ஆ லெக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். பந்து கிண்ணத்தை விட்டுக் கழன்று தனியாகக் கிடந்தது. ரப்பர் கிழியவே இல்லை. ம.பெ., போன மாதம் வந்த சரக்கு, தியாகு வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை.

"அக்கா, இது சேறு போயி தேஞ்சது இல்ல. சாமானே மோசம் லா," என்றான்.

இத்தனை நாள் ம.பெ. என்றால் சீக்கிரம் தேயும், ஆடும், அவள் வருவாள், மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். கழன்று போகும் என்று நினைக்கவில்லை. இதைச் சமாதானமாக எழுதவில்லை.

அந்தச் சரக்கில் விற்றது ஐந்து. தியாகு. ரிங்லெட் மரக்கடைக்கு ஒன்று, போன் பண்ணிவிட்டேன், வண்டியை நிறுத்திவிட்டார்கள். தக்காளிக்காரச் சீனர் இரண்டு வாங்கினார், இன்னும் மாட்டவே இல்லை, நல்லவேளை. ஐந்தாவது பாக்கியம்.

பாக்கியம் போன் எடுக்கவில்லை. மத்தியானம் எட்டு தடவை அடித்தேன்.

ஈப்போ சேல்ஸ்மேனுக்கும் பேசினேன். காட்டு ரோட்டில் ஓட்டினால் எதுதான் நிற்கும் என்கிறான். மிச்சப் பெட்டிகளை அலமாரியிலிருந்து இறக்கி, கோணியில் கட்டிப் பின்பக்கம் போட்டாயிற்று.

நவம்பர் 9, சனி

காலை ஏழு மணிக்குப் பாக்கியம் போனில் கிடைத்தாள். நேற்று போனில் சார்ஜ் இல்லையாம். வண்டியை எடுக்காதே, அந்த முட்டி சரியில்லை என்றேன். சிரித்தாள். சனிக்கிழமை லோடு, நான் எடுக்காமல் யார் எடுப்பது, திங்கட்கிழமை வருகிறேன், அதுவரை மெதுவாக ஓட்டுகிறேன் என்றாள். தியாகு கதையைச் சொன்னேன். அப்போதுதான் சிரிப்பை விட்டாள். பிறகு, "மூட்டைய கொறச்சுப் போட்டுக்கிறேன்கா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

முழுதும் சொல்லவில்லை. போனில் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

மழை விடவே இல்லை. கடை விடுமுறை. மகள் போன், நாலு நிமிடம். "அங்க தனியா என்னம்மா பண்றீங்க? கடையக் குடுத்துட்டு இங்க வாங்கம்மா." பார்க்கலாம் என்றேன். எப்போதும் சொல்வதுதான், அவளுக்கும் தெரியும்.

சோறு ஆக்கினேன், அப்படியே மூடி வைத்துவிட்டேன். ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் இரண்டு தடவை. இரண்டு தடவையும் வாசலுக்கு ஓடினேன். சாமி படத்தின் முன் நின்று பாக்கியத்தைக் காப்பாற்று என்று கேட்கவே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

நவம்பர் 11, திங்கள்

பத்து மணிக்கு வந்தாள். முழுசாக வந்தாள்.

ஆ லெக்கிடம் வெள்ளைப் பெட்டி இரண்டு கொடுத்து, இரண்டு முனையும் மாற்றச் சொன்னேன். அவள் வழக்கம்போல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காப்பி கலக்கவில்லை. கலக்கியிருந்தால் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளைதான் நல்ல சாமான் என்பது, ஒரே சாமான் என்று பொய் சொன்னது, எதற்காகச் சொன்னேன் என்பது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. விலையில் ஏமாற்றினேன் என்று நினைத்தாள். மஞ்சளில் எனக்கு லாபம் கம்மிதான் என்றதும் இன்னும் குழம்பினாள். அப்புறம் என்னத்துக்கு அக்கா என்று கேட்டாள். இதோ இந்த ஒரு மணி நேரத்துக்கு என்றேன்.



"சும்மா ஒக்காந்து பேச வான்னு நீங்க கூப்பிட்டிருந்தா நான் வந்திருக்க மாட்டேன். அதுவும் நெசந்தான்கா. தோட்டத்துல அவ்ளோ வேல. அதுக்காக என் உசுரோட வெளையாடுவீங்களா? பின்னால நாலு பொம்பளைங்க மூட்ட மேல ஒக்காந்து வருவாங்க, தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியாது. எத்தனையோ கதை பேசியிருக்கிறோம், இதை நான் கேட்டதே இல்லை.

எழுந்து வெளியே போய்ப் பட்டறை வாசலில் மழைச் சாரலில் நின்றாள். வேலை முடிய இன்னும் அரை மணிக்கு மேல். உள்ளே வரவில்லை. போகும்போது திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்தேன்.

நவம்பர் 14, வியாழன்

மூட்டம். விற்பனை: ஒன்றுமில்லை. பேசியது: ரொட்டிக்காரரிடம், மீதிச் சில்லறை இல்லை என்று.

நவம்பர் 18, திங்கள்

தியாகு கையைத் துணிக்கட்டில் கழுத்தோடு தொங்கவிட்டுக்கொண்டு வந்தான். மன்னிப்புக் கேட்டேன். நீங்களா செஞ்சீங்க, ஃபேக்டரிக்காரன் செஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க அக்கா என்றான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முறுக்கு டின்னை அவனிடம் கொடுத்தனுப்பினேன்.

மூன்று நாளாக யோசித்து பாக்கியத்துக்கு ஒரு மெசேஜ். "ஸ்டியரிங் எப்படி இருக்கு?" ஒன்றே கால் மணி நேரம் கழித்துப் பதில். "நல்லா இருக்கு."

நல்லா இருக்கு என்றால் வர வேண்டிய வேலை இல்லை. வெள்ளைப் பெட்டி போட்டுக் கொடுத்ததும் நான்தான். இரண்டு வருடம் என்றால் எனக்கு அறுபத்தொன்று. தனியாக இருக்கிறேன். இதை இவ்வளவு நாள் எழுதக்கூட இல்லை.

நவம்பர் 24, ஞாயிறு

வெயில். காலையில் தலைக்கு ஊற்றினேன். பஸ்ஸில் தானா ராத்தா, அங்கிருந்து வேறு பஸ்ஸில் திரிங்காப். கடைக்கென்று இல்லாமல் பஸ் ஏறி எத்தனை மாதம் ஆயிற்று. பழம் வாங்கிப் போகலாமா என்று யோசித்து வாங்கவில்லை. லஞ்சம் மாதிரி இருக்கும்.

தார் ரோட்டிலிருந்து அவள் தோட்டம் மேலே. நடந்தே ஏறினேன். நாலு தடவை நின்று மூச்சு வாங்கினேன். பாக்கியம் ஃபோர்வீலில் கோஸ் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தாள், முகம் வெளுத்துவிட்டது.

"என்னக்கா, இந்த முட்டியும் சரியில்லையா?"

இல்லை, அது நல்ல சாமான், சும்மாதான் வந்தேன் என்றேன்.  மிச்ச மூட்டைகளை ஏற்றினாள். நானும் ஒரு முனையைப் பிடித்தேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. லோடு கட்டி முடித்ததும் முன் கதவைத் திறந்து, "ஏறுங்க," என்றாள்.

முப்பது வருடமாக முட்டி விற்கிறேன், இந்த மாதிரிப் பாதையில் உட்கார்ந்து இறங்கியது இல்லை. ஒரு வண்டி அகலம், செம்மண், நடுவில் தண்ணீர் அறுத்த வாய்க்கால். என் பக்கத்து ஜன்னலில் கீழே அடுத்தவர் தோட்டத்து பிளாஸ்டிக் கூரைகள் மட்டும் தெரிந்தன. வளைவில் சக்கரத்தைத் திருப்ப அவள் உடம்பையே சாய்க்கிறாள். நான் முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"பயமா இருக்காக்கா?"

இருக்கிறது என்றேன்.

"எனக்கு இல்ல. ஒங்க கடைச் சாமான்னு நம்பி ஓட்டிக்கிட்டு இருந்தேன்."

 அழுதேன். அவள் ரோட்டைத்தான் பார்த்தாள்.

தார் ரோடு வந்ததும் பஸ் நிற்கும் இடத்தில் ஓரம் கட்டினாள். இறங்கினேன். கோஸ் எடுத்துப் போகும் லோரிக்காரன் அவள் போனுக்கு அடித்துக்கொண்டே இருந்தான், லோடு எங்கே என்று கேட்கத்தான் இருக்கும். எடுக்கவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் ரோட்டோரம் நின்றேன். லோடு நேரமாகியும் அவள் போகவில்லை. பஸ் வர இருபத்தைந்து நிமிடம் ஆனது.