ஏழு ஓட்டில் ஜெயித்த மென்பொருள்

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுக் குளியலறைக் குழாய் இன்று காலை முதல் சொட்டுவதை நிறுத்திக்கொண்டது. வெற்றி அப்பாவுக்கு. அவருடைய சட்டைக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்.

அடுத்த செய்தி. உங்கள் கண்ணிவெடி அகற்றும் முகாமுக்காக நாங்கள் பதினோரு பேர் இணையக் குழுவாகச் சேர்ந்து ஒரு மெட்டல் டிடெக்டர் செய்கிறோமே, வரைபடத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி? அதன் சர்க்யூட்டை எந்த மென்பொருளில் வரைவது என்று முடிவாகிவிட்டது. ஒன்று இலவசம், முகம் மட்டும் நிரப்பாத விண்ணப்பம் மாதிரி இருக்கும். இன்னொன்று விலைக்கு விற்பது, இரண்டு மாதம் சும்மா தருவார்கள். வரைந்த சர்க்யூட் பலகை திரையில் சுழன்று சுழன்று ஆடும், அக்கா!

குழுவில் இருக்கும் எலெக்ட்ரீஷியன் அண்ணன், "ஆடுறத பாத்து மயங்காத. அவங்க ஊர்ல திறக்குமா, அத பாரு" என்றார். நான் ஓட்டெடுப்பு வைத்தேன். ஏழுக்கு நான்கு, ஆடுவதே ஜெயித்தது! சின்னவன் சொல்லும் அம்பலம் ஏறும் என்று வரலாறு குறித்துக்கொண்டது. புதிதாகச் சேர்ந்த நான்கு பேர் பேசுவதே இல்லை, ஆனால் ஓட்டுப் போடுவதில் சிங்கங்கள்.

இப்படிக்கு,
தலைமை வடிவமைப்பாளர் (உன் தம்பியும்கூட)

ஏப்ரல் 17

தம்பிக்கு,

போன மாதம் வந்த மூன்று கருவிகளும் நன்றாக வேலை செய்தன. மூன்று வாரம். செவ்வாய்க்கிழமை காலையில் வழக்கம்போல ஓர் ஆணியைப் புதைத்துச் சோதித்தோம். ஒரு கருவி ஊமை. களத்தில் இறங்கியபின் ஊமையாகியிருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

எங்கள் ரிப்பேர்காரர் உங்கள் வரைபடத்தைத் திறந்தார். இலவசக் காலம் முடிந்ததாம், இணையத்தில் பணம் கட்ட வேண்டுமாம். இணையம் இருந்தால் நான் ஏன் காய்கறி வண்டியில் உனக்குக் கடிதம் கொடுத்தனுப்புகிறேன்? "உங்க தம்பி செஞ்சது டிடெக்டரா, பூட்டா, அக்கா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஏன் பழுதானது என்று தெரியாமல் மற்ற இரண்டையும் நம்ப முடியாது. மூன்றையும் ஓரமாக வைத்துவிட்டோம். பள்ளிக்கூடப் பாதையில் இன்னும் நாற்பது மீட்டர் பாக்கி. பிள்ளைகள் ஒரு மணி நேரம் சுற்றிப் போகிறார்கள்.

பதினோரு பேரில் ஒருவருக்குக்கூடவா இது தோன்றவில்லை?

அம்மாவிடம் ஆணி விஷயத்தைச் சொல்லாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த உறையில் சர்க்யூட் முழுவதும் காகிதத்தில் இருக்கிறது. எலெக்ட்ரீஷியன் அண்ணனும் நானும் ஐந்து நாளில் அந்த விண்ணப்ப மூஞ்சி மென்பொருளில் மறுபடி வரைந்தோம். மென்பொருளும் பென்டிரைவில் இருக்கிறது. எங்கள் பள்ளியிலேயே மிகப் பழைய கணினியில், இணைய வயரைப் பிடுங்கிவிட்டுத் திறந்து பார்த்தேன். திறந்தது. சந்தேகப்பட வேண்டிய இடத்தை அண்ணன் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறார். ரிப்பேர்காரர் அங்கிருந்து ஆரம்பிக்கட்டும். புதைத்த ஆணிக்குக் கருவி ஒலிக்கும்வரை ஒன்றையும் எடுத்துக்கொண்டு போகாதே.

ஒருவருக்குக்கூடவா என்று கேட்டாய். எதிர்த்து ஓட்டுப் போட்ட நான்கு பேருக்குத் தோன்றியிருக்கிறது. அக்கா, குழுவில் நாங்கள் மொத்தமே ஏழு பேர். புதிதாகச் சேர்ந்த 'கம்பி வேந்தன்', 'மின்னல் மைனர்', 'ஈயம் இளவரசன்', 'சுருள் சித்தர்' நான்கு பேரும் நான்தான். நான்கு பெயரில் நுழைந்து நான்கு ஓட்டுப் போட்டேன். நிஜத்தில் நாலுக்கு மூன்று என்று தோற்றுப்போனேன். முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். பலகை அவ்வளவு அழகாகச் சுழன்றது.

நேற்று குழுவில் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். என்னை வெளியே அனுப்புவார்கள் என்று நினைத்தேன். ஆனால் அண்ணன், "அந்த நாலு பேர்ல யாருக்காச்சும் சாலிடரிங் வருமாடா? ஆள் பத்தல" என்று கேட்டார்.

யாருக்கும் வராது, அக்கா. ஐந்தாவது ஆளான எனக்கும்தான். உனக்கு வந்த மூன்று கருவிகளையும் ஈயம் வைத்துப் பற்றவைத்தது அண்ணன். நான் டப்பாவில் ஸ்டிக்கர் ஒட்டினேன். அதில் ஒன்று கோணல்.

தம்பி